சூக்கி ஸ்டாக்ஹவுஸ் நாவல்கள்: 13 நூல்களையும் படிக்கலாமா? கடைசி நூலின் மேல் ஏன் இத்தனை கோபம்?

கேள்வி இது: "ட்ரூ ப்ளட் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து முடித்துவிட்டேன். அதற்கு மூலமான சூக்கி ஸ்டாக்ஹவுஸ் நாவல்களை வாங்கலாம் என்று வாசகர் கருத்துகளைத் தேடினால் தலை சுற்றுகிறது. நாலாவது நூல்தான் உச்சம், அதோடு நிறுத்திக்கொள் என்கிறார் ஒருவர். கடைசி நூல் பச்சைத் துரோகம் என்கிறார் இன்னொருவர். இதைவிடப் பொருத்தமான முடிவே கிடையாது என்று மூன்றாவது ஆள் சத்தியம் செய்கிறார். கதை முன்கூட்டியே தெரிந்தாலும் எனக்குப் பரவாயில்லை. யார் சொல்வது சரி?"

கதை தெரிந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இன்னும் படிக்காதவர்கள், திருப்பங்கள் தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பதில்: படிக்கலாம். ஆனால் இதைக் காதல் கதை என்று நினைத்துத் தொடங்கினால் கடைசி நூலைச் சுவரில் எறிவீர்கள். லூசியானாவின் சிறு ஊர் ஒன்றில் நடக்கும் கொலை மர்மக் கதைகள், அவற்றின் ஊடாக ஒரு பெண்ணின் காதல்களும் வந்து போகின்றன என்று நினைத்துத் தொடங்கினால் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவீர்கள். நீங்கள் பார்த்த கருத்துகள் இப்படி எதிரும் புதிருமாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரே 13 நூல்களை இரண்டு விதமான வாசகர்கள் இரண்டு வேறு வகைக் கதைகளாகப் படித்திருக்கிறார்கள்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது புரியும். இவற்றை எழுதிய ஷார்லெய்ன் ஹாரிஸ் மிசிசிப்பியில் பிறந்து, அமெரிக்கத் தென் மாநிலங்களிலேயே வாழ்ந்து எழுதியவர். வாம்பயர் (ரத்தம் குடித்து வாழும் சாவில்லாத பிறவி) பக்கம் வருவதற்கு முன்பே பல ஆண்டுகள் துப்பறியும் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தார். அரோரா டீகார்டன் என்ற நூலகரை வைத்து ஒரு வரிசை, லில்லி பார்ட் என்ற வீட்டுவேலை செய்யும் பெண்ணை வைத்து இன்னொன்று. சூக்கியின் முதல் நூலான 'டெட் அன்டில் டார்க்' முடிந்த பிறகும் அதை வாங்கப் பதிப்பாளர் எளிதில் அமையவில்லை. மர்மக் கதையா, திகில் கதையா, காதலா, நகைச்சுவையா, கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று புரியாத சரக்கு அது. கடைசியில் 2001-இல் வெளிவந்து அந்தோணி விருது வாங்கியது. அந்தோணி என்பது மர்மக் கதைகளுக்கான விருது. வரிசைக்கு முதலில் வைத்த பெயரும் 'தென்னக வாம்பயர் மர்மங்கள்' என்ற பொருளில்தான் இருந்தது. 'ட்வைலைட்' என்ற புகழ்பெற்ற வாம்பயர் காதல் நாவல் வெளிவந்தது 2005-இல். அதைப் பார்த்து எழுதியது இது என்று யாராவது சொன்னால் ஆண்டைக் காட்டி வாயை அடைத்துவிடலாம்.

கதையின் அடித்தளம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜப்பானியர்கள் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். இனி மனித ரத்தம் வேண்டாம் என்று சொல்லி வாம்பயர்கள் வெளிப்படையாக ஊருக்குள் வாழத் தொடங்குகிறார்கள். பான் டாம் என்ற கற்பனை ஊரில், மெர்லாட்ஸ் என்ற பாரில் வெயிட்ரஸாக வேலை பார்க்கிறாள் சூக்கி. பிறர் மனதில் ஓடுவதெல்லாம் அவள் காதில் விழும். கேட்க ஜோராக இருக்கும் இந்தச் சக்தியை ஹாரிஸ் ஒரு ஊனமாகவே எழுதுகிறார். இதனால் அவளால் கல்லூரிக்குப் போக முடியவில்லை. எந்தப் பையனோடும் பழக முடியவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவன் தன் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது வரி வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் யாரால் காதலிக்க முடியும்? ஊரில் பாதிப் பேர் அவளைக் கிறுக்கு என்கிறார்கள்.

அந்தப் பாருக்கு ஒரு நாள் பில் காம்ப்டன் வருகிறான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ஆள். அவன் மனதிலிருந்து அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. முழு நிசப்தம். பிறந்ததிலிருந்து இரைச்சலுக்கு நடுவே வாழ்ந்தவளுக்கு அந்த நிசப்தம்தான் முதல் போதை. அவன் அழகோ சாவில்லாத வாழ்வோ அப்புறம்தான். வாம்பயர் காதல் கதைகளில் "இவள் ஏன் இவனிடம் மயங்குகிறாள்" என்ற கேள்விக்கு இவ்வளவு நியாயமான விடையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கடைசி நூலை வெறுப்பவர்கள்கூட முதல் நூலைப் பற்றிப் பேசினால் இந்த இடத்தில் குரல் இறங்கிவிடுவார்கள்.

வாசகர்கள் ஒருமனதாகப் பாராட்டும் இன்னொன்று சூக்கியின் அன்றாடம். அவளிடம் காசு கிடையாது. சொத்து வரி, கார் ரிப்பேர், டிப்ஸ் எவ்வளவு தேறும் என்ற கணக்கு எப்போதும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். தினம் ஒரு சொல் கற்றுத்தரும் காலண்டர் வைத்திருப்பாள், அந்தச் சொல்லை அன்றைக்கே எங்காவது பயன்படுத்திப் பார்ப்பாள். நூலகத்திலிருந்து மலிவுக் காதல் நாவல்கள் எடுத்துவந்து படிப்பாள். வெயில் அடித்தால் கொல்லையில் படுத்துக் காய்வாள். ஆயிரம் வயது வைக்கிங் வாம்பயரான எரிக் நார்த்மன் அவளுக்குத் தரும் காதல் பரிசு என்ன தெரியுமா? குண்டும் குழியுமாகக் கிடந்த அவள் வீட்டுப் பாதைக்குப் புதுசாக ஜல்லி கொட்டிக் கொடுக்கிறான். வைரம் தந்திருந்தால் அந்தப் பெண் திருப்பிக் கொடுத்திருப்பாள், ஜல்லியைத் திருப்பிக் கொடுக்க முடியாதே! எரிக்கை லட்சக்கணக்கானோர் நேசித்ததற்கு அவன் உயரமும் பொன்னிற முடியும் மட்டும் காரணமில்லை, இந்த ஜல்லியும் ஒரு காரணம்.

இதே அன்றாட விவரங்களைத்தான் குறையாகவும் சொல்கிறார்கள். பிந்தைய நூல்களில் அவள் குளித்தாள், கால் மயிர் மழித்தாள், இந்த நிற சட்டை போட்டாள், தலையை இப்படிக் கட்டினாள் என்று பக்கம் பக்கமாக வரும். முதல் மூன்று நூல்களில் ஏழைப்பெண்ணின் வாழ்க்கைச் சித்திரமாக இருந்தது பத்தாம் நூலில் பக்கத்தை நிரப்பும் வேலையாகத் தெரியும். முந்தைய நூலில் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைவுபடுத்தும் பழக்கம் வேறு. வருடம் ஒன்று வீதம் வெளிவரும்போது படித்தவர்களுக்கு அது உதவியாக இருந்திருக்கும். வரிசையாக உட்கார்ந்து படிக்கும் நமக்கு எரிச்சல்தான்.

சரி, சூக்கி எரிக்கோடுதான் சேர வேண்டும் என்ற எரிக் கோஷ்டிக்கு வருவோம். அங்கேதான் சண்டையின் வேர் இருக்கிறது.

2004-இல் வந்தது நான்காம் நூலான 'டெட் டு தி வேர்ல்ட்'. புத்தாண்டு இரவில் வேலை முடித்துக் காரில் வீடு திரும்பும் சூக்கி, உறையும் குளிரில் வெறுங்காலோடு, சட்டையில்லாமல் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் எரிக்கைப் பார்க்கிறாள். சூனியக்காரி ஒருத்தி அவன் நினைவை அழித்துவிட்டிருக்கிறாள். தான் யார் என்றே அவனுக்குத் தெரியாது. அதிகாரம், தந்திரம், திமிர் எல்லாம் போய், பயந்த ஒரு மனிதனாக அவள் வீட்டில் ஒளிந்திருக்கிறான். இருவரும் நெருங்குகிறார்கள். நூலின் முடிவில் நினைவு திரும்பும்போது, அந்த நாட்கள் மட்டும் அவன் நினைவிலிருந்து அழிந்துபோகின்றன. அவளுக்கு எல்லாம் தெரியும், அவனுக்கு எதுவும் தெரியாது. எட்டாம் நூலில்தான் அவனுக்கு அது நினைவுக்கு வருகிறது. நடுவே நான்கு வருடம் வாசகர்களைக் காக்க வைத்தார் ஹாரிஸ்.

நான்காம் நூலோடு நிறுத்து என்று ஒருவர் சொன்னார் என்றீர்களே, அவர் இந்த நூலில் விழுந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த வரிசையில் காதல் கதையாக மட்டும் எடுத்துக்கொண்டால் இதை மிஞ்ச வேறு நூல் இல்லை. பிரச்சினை என்னவென்றால், இதைப் படித்தவர்கள் சூக்கியும் எரிக்கும்தான் இனி ஜோடி என்று மனதில் கல்வெட்டு செதுக்கிவிட்டார்கள். 2008-இல் தொலைக்காட்சித் தொடர் வந்து, அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்ட் எரிக்காக நடிக்கவும் அந்தக் கல்வெட்டு இன்னும் ஆழமாகிவிட்டது. அதன் பிறகு நூல்களை வாங்கியவர்களில் நிறையப் பேர் எரிக்குக்காகவே வாங்கியவர்கள்.

பில் கோஷ்டி நூல் வாசகர்களிடையே சின்னது. திரையில் அவனுக்குக் கிடைத்த மரியாதை நூலில் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. ஆறாம் நூலான 'டெஃபினிட்லி டெட்'டில் ஓர் உண்மை வெளிவருகிறது. பில் பான் டாமுக்கு வந்ததே தற்செயலாக இல்லை. சூக்கியின் சக்தியைப் பற்றிக் கேள்விப்பட்ட லூசியானா வாம்பயர் ராணிதான் அவளை வளைத்துப்போட அவனை அனுப்பியிருக்கிறாள். முதல் நூலின் அந்த நிசப்தம் ஒரு பொறி என்று தெரியும் இடம் அது. பிறகு ஒன்பதாம் நூலில் ஃபேரி என்ற மாய இனத்தவர் இருவர் அவளைச் சித்திரவதை செய்யும்போது காப்பாற்ற வருபவர்களில் பில் இருக்கிறான், எரிக் வரவில்லை. எரிக்கை வெள்ளிச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள் என்ற விளக்கம் பின்னால் வரும். பில் ரசிகர்களும் எரிக் ரசிகர்களும் இந்த ஓர் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வழக்காடினார்கள். ஓநாய் மனிதன் அல்சீடுக்கும் புலியாக மாறும் குவினுக்கும்கூட ஆதரவாளர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் குரல் எடுபடவில்லை.

இதை எல்லாம்விட முக்கியமான ஒரு விமர்சனம் இருக்கிறது. அது யாரோடு யார் சேர வேண்டும் என்பதைப் பற்றியது இல்லை. மூன்றாம் நூலான 'கிளப் டெட்'டில், சித்திரவதைப்பட்டுப் பட்டினி கிடந்து சுயநினைவு இழந்த பில்லோடு சூக்கி கார் டிக்கிக்குள் அடைபடுகிறாள். அங்கே நடப்பது பாலியல் வன்முறை. அதை நூல் வேகமாகக் கடந்துவிடுகிறது. ஒன்பதாம் நூலில் எரிக் ஒரு கத்தியை அவள் கையில் கொடுத்துத் தன்னிடம் தரச் சொல்கிறான். அதுதான் வாம்பயர் சடங்கில் கல்யாணம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அவளைப் பாதுகாக்கச் செய்தான் என்பது அவன் தரப்பு. அவர்களுக்கிடையே இருந்த ரத்தப் பிணைப்பும் அப்படித்தான், சூழ்நிலை நெருக்கி வந்தது, அவள் விரும்பிக் கேட்டதில்லை. ஆக, யாரை நீங்கள் நாயகன் என்று எடுத்துக்கொண்டாலும் அவன் ஒரு கட்டத்தில் சூக்கியின் சம்மதத்தைத் தாண்டிப் போயிருக்கிறான். இதைச் சுட்டிக்காட்டும் வாசகர்களை "கதையை அனுபவிக்கத் தெரியாதவர்கள்" என்று சிலர் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினோராம் நூலில் அந்த ரத்தப் பிணைப்பை மந்திரத்தால் அறுத்துக்கொண்டு, "இனி எனக்கு இவன்மேல் இருப்பது என் சொந்த உணர்வுதானா" என்று சூக்கியே பார்க்கிறாள். கேள்வி நூலுக்குள்ளேயே இருக்கிறது. வாசகர் அதைத் தொடர்ந்து கேட்டால் தப்பென்ன?

இனி 2013.

பன்னிரண்டாம் நூலான 'டெட்லாக்ட்' 2012-இல் வந்தபோதே அடிவயிறு கலங்கியவர்கள் உண்டு. சூக்கியிடம் க்ளூவியல் டோர் என்ற மந்திரப் பொருள் ஒன்று இருக்கிறது. ஃபேரிகளின் பொருள், அவள் பாட்டியின் பழைய மேசையில் ரகசிய அறைக்குள் கிடைத்தது. நேசிப்பவருக்காக ஒரே ஒரு வரம் கேட்கலாம். அந்த நேரத்தில் எரிக், அவனை உருவாக்கியவன் பேசிவைத்த ஒப்பந்தத்தால் ஒக்லஹோமா ராணி ஃப்ரெய்டாவுக்கு மாப்பிள்ளையாகப் போகும் நெருக்கடியில் இருக்கிறான். சூக்கி அந்த வரத்தைக் கேட்டுத் தன்னை விடுவிப்பாள் என்று எதிர்பார்க்கிறான். கடைசி அத்தியாயத்தில் பாரின் முதலாளி சாம் மெர்லாட் அவள் கண் முன்னே கொல்லப்படுகிறான். ஒரு நொடிகூட யோசிக்காமல் அந்த வரத்தைச் செலவழித்து அவனை உயிர்ப்பிக்கிறாள். எரிக் அதைப் பார்த்துவிட்டுப் போகிறான். கதை எங்கே போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு வருடம் முழுக்க ரசிகர்கள் அதற்கு வேறு வேறு பொருள் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள்.

கடைசி நூலான 'டெட் எவர் ஆஃப்டர்' 2013 மே மாதம் வெளியானது. அதற்கு முன்பே முடிவு கசிந்துவிட்டது. எரிக் அவளை விவாகரத்து செய்துவிட்டு ஒக்லஹோமாவுக்குப் போகிறான், சூக்கி சாமோடு சேர்கிறாள். நூல் கைக்கு வருவதற்குள்ளேயே ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் குவியத் தொடங்கின. முன்பதிவை ரத்து செய்தவர்கள், திருப்பி அனுப்பியவர்கள், இனி இவர் எழுத்தைத் தொடமாட்டேன் என்றவர்கள் என்று ஒரு பெரிய அலை. எரிக்கோடு சேர்க்காவிட்டால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று மிரட்டி ஆசிரியருக்குக் கடிதம் வந்ததாக அவரே அப்போது ஒரு பேட்டியில் வருத்தத்தோடு சொன்னார். வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் முடிவுக்காக ஆசிரியருக்குக் கோபக் கடிதம் எழுதும் வழக்கத்தை அறிந்த நமக்கு வாசகர் கோபம் புதிதில்லை, ஆனால் இது அந்த எல்லையைத் தாண்டியது. மிரட்டியவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஏமாந்தோம் என்று சொன்னவர்களுக்காகக் கொஞ்சம் வாதாடலாம்.

அவர்கள் பக்கத்து வாதம் இப்படிப் போகும். ரொமான்ஸ் என்று ஒரு நூலை விற்றால் அதற்கு ஒரு எழுதப்படாத ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் அதற்கு இரண்டு நிபந்தனைதான் சொல்கிறது. மையத்தில் ஒரு காதல் கதை இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். எரிக்கும் சூக்கியும் கிட்டத்தட்ட பத்து நூல்களுக்கு மையத்தில் இருந்தார்கள். அதை நீட்டி நீட்டி விற்றுவிட்டு, கடைசியில் "இது மர்மக் கதைதானே" என்று தப்பித்துக்கொள்வது என்ன நியாயம்?

மறுபக்கம் சொல்வது: அவர் எப்போதாவது ரொமான்ஸ் என்று சொன்னாரா? விருது மர்மக் கதைக்கு, பெயர் மர்மக் கதைக்கு, ஒவ்வொரு நூலிலும் யாராவது பிணமாக விழுகிறார்கள், யார் கொன்றது என்று சூக்கி கண்டுபிடிக்கிறாள். ஜோடி எதிர்பார்ப்பு வாசகர்களே வளர்த்துக்கொண்டது. முடிவு தனக்கு வெகுகாலமாகவே தெரியும் என்று ஹாரிஸ் சொல்லியிருக்கிறார். சாமும் கடைசி நேரத்தில் ஒட்டவைத்த ஆள் இல்லை, முதல் நூலிலேயே இருக்கிறான். தெருநாய் என்று நினைத்துச் சூக்கி வீட்டுக்குள் விட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளும் நாய் காலையில் அவள் முதலாளியாக மாறிக் கிடக்கும் காட்சி நினைவிருக்கிறதா?

என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில் இல்லை, இரண்டு பாதிகளாக இருக்கிறது. யாரோடு சேர்த்தார் என்பதில் ஹாரிஸ் பக்கம் நிற்கிறேன். எப்படிச் சேர்த்தார் என்பதில் வாசகர்கள் பக்கம்.

முதல் பாதி. சூக்கி 13 நூல்களிலும் விடாமல் சொல்லும் ஆசைகள் சில உண்டு. வெயில் வேண்டும். பாட்டி விட்டுப்போன வீட்டை விட்டு நகரக்கூடாது. குழந்தைகள் வேண்டும். வாம்பயர் ஆகவே மாட்டேன். இந்த நாலையும் வைத்துக்கொண்டு எரிக்கோடு எந்த முடிவை எழுதுவது? ஒன்று அவளை வாம்பயராக்க வேண்டும், அவள் தன் வாயால் மறுத்த ஒன்று. இல்லை, அவனை மனிதனாக்க வேண்டும், அப்படியென்றால் அவன் எரிக்கே இல்லை. அதுவும் இல்லையென்றால் அவள் கிழவியாகும்வரை இரவில் மட்டும் வந்துபோகும் கணவனாக அவனை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் கோணல்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதர்கள் மனதிலிருந்து இரைச்சல், வாம்பயர்களிடம் நிசப்தம், உருமாறிகளிடம் கலங்கலாக, பாதி புரிந்தும் புரியாமலும் ஏதோ கேட்கும். சாம் உருமாறி. சாதாரணத் தம்பதிகளுக்கு ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரிவதும் ஏறக்குறைய அந்த அளவுதானே! முதல் நூலில் போட்ட முடிச்சுக்கு இதைவிட அழகான அவிழ்ப்பு கிடைக்காது.

இனி மறு பாதி. இவ்வளவு நல்ல விஷயம் கையில் இருந்தும் ஹாரிஸ் அதை வைத்து ஒரு காட்சிகூட உருப்படியாக எழுதவில்லை. சாமோடு காதல் மலர்கிறது என்று நமக்குத் தகவல்தான் கிடைக்கிறது. எரிக்கோடு ஒரு நூல் முழுக்கக் குளிர்கால வீட்டுக்குள் வாழ்ந்த வாசகரிடம் "சாமும் நல்லவன்தான், பொருத்தமானவன்தான்" என்று அறிவுக்குச் சொன்னால் மனம் கேட்குமா? கடைசி நூலில் சாம் பாதிநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விலகியே இருக்கிறான். அந்த இடத்தை நிரப்புவது யார்? சூக்கியைப் பழிவாங்கத் துடிக்கும் பழைய எதிரிகள், ஒருவர் பின் ஒருவராக. சாத்தானோடு பேரம் பேசும் பணக்காரன், டல்லாஸ் மதவெறியன், வக்கீல், ஃபேரி உறவினன் என்று கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் சதித்திட்டத்தைச் சொல்ல, 12 நூல்களாகச் சூக்கியின் குரலில் மட்டுமே ஓடிய கதை படர்க்கைக்குத் தாவுகிறது. அவள் குரலுக்காகவே படித்தவர்களுக்கு அது காலில் தடுக்கும் கல்.

எரிக்கை நடத்திய விதம் அதைவிட மோசம். அவனைச் சூக்கியிடமிருந்து பிரிக்க வேண்டும், சரி. அவன் விரும்பும் அதிகாரத்தையும் விரும்பும் பெண்ணையும் எதிரெதிரே நிறுத்தி, அவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்று காட்டியிருந்தால் அது எரிக்குக்குத் தகுந்த பிரிவு. கொஞ்சம் அப்படித் தொடங்கி, பிறகு அவனைச் சில பக்கங்களில் வந்து மிரட்டிவிட்டுப் போகும் சிடுமூஞ்சியாக ஆக்கிவிட்டார். வாசகர் சாமை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் எரிக்கை மட்டம் தட்ட வேண்டும் என்று யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்ததைப் போல இருக்கிறது. எரிக் ரசிகர்களின் கோபத்தில் நூற்றுக்கு நூறு நியாயமான பகுதி இதுதான்.

தொடரைப் பார்த்தவர் நீங்கள் என்பதால் சில வித்தியாசங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பாரின் சமையல்காரன் லஃபாயெட்டைப் பிடிக்கும் என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் நூலின் தொடக்கத்திலேயே அவன் பிணம் காரில் கிடக்கும். நெல்சன் எல்லிஸின் நடிப்புதான் அவனைத் திரையில் கடைசிவரை வாழவைத்தது. பில்லின் முடிவும் வேறு. நூலில் அவன் சாவதில்லை, பக்கத்து வீட்டுக்காரனாகவே இருந்துவிடுகிறான். எனக்கு அது பிடித்தது. தொடர் 2014-இல் முடிந்தபோது சூக்கிக்கு முகமே காட்டாத ஒரு கணவனைக் கொடுத்தார்களே, அதைப் பார்த்த பிறகு ஹாரிஸை மன்னித்த எரிக் ரசிகர்கள் சிலரை எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் அவர் பெயரும் முகமும் உள்ள ஆளிடம் கட்டிக்கொடுத்தார்!

வாம்பயர்களைச் சிறுபான்மையினருக்கு உவமையாக வைத்ததைப் பற்றியும் வாசகர்கள் நிறையப் பேசுவார்கள். தொடரில் அது உரக்க இருக்கும், நூலில் மெல்லிய சாயலாக இருக்கும். எனக்கு அந்த உவமை முழுதாக ஒட்டவில்லை, ஏனென்றால் இந்தக் கதையில் வாம்பயர்கள் உண்மையிலேயே ஆட்களைக் கொல்கிறார்கள். அஞ்சுபவர்களின் அச்சம் வெறும் தப்பெண்ணம் இல்லை என்று கதையே சொல்லிவிட்ட பிறகு உவமை நொண்டுகிறது.

எப்படிப் படிப்பது? எல்லாத் தலைப்பிலும் 'டெட்' என்று வருவதால் வரிசை குழம்பும், வெளியான ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். முதல் நாலு நூலைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம். ஐந்தாம் நூலுக்கும் ஆறாம் நூலுக்கும் நடுவே 'ஒன் வேர்ட் ஆன்சர்' என்ற சிறுகதையைப் படித்துவிடுங்கள். சூக்கியின் அத்தை மகள் ஹேட்லியின் சாவுச் செய்தி அதில்தான் வருகிறது. அதைப் படிக்காமல் ஆறாம் நூலைத் திறந்தால் ஏதோ ஒரு நூலை விட்டுவிட்டோமோ என்று தோன்றும், அப்படித் தோன்றிய வாசகர்கள் ஏராளம். 2009-இல் வந்த 'எ டச் ஆஃப் டெட்' தொகுப்பில் அந்தக் கதை இருக்கிறது. ஏழும் எட்டும் வாம்பயர் அரசியல், எனக்குப் பிடிக்கும், காதலை மட்டும் தேடுபவருக்குச் சலிக்கும். ஒன்பது கொடூரமானது, சித்திரவதைக் காட்சியைத் தாங்க முடியாதவர்கள் தாண்டிப் போகலாம். எரிக்கை நேசித்துவிட்டால் எட்டாம் நூலில், அவனுக்கு நினைவு திரும்பும் இடத்தில் நிறுத்திக்கொள்வது மனசுக்கு நல்லது. நிறுத்த முடியாதென்றால் 13 வரை போங்கள், ஆனால் 'ஆஃப்டர் டெட்' என்று அதே 2013-இல் வந்ததை மட்டும் காசு கொடுத்து வாங்காதீர்கள். அது நாவலே இல்லை. பாத்திரங்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, இவருக்குப் பிறகு என்ன ஆனது என்று சில வரிகளில் சொல்லும் பட்டியல். கடைசி நூலில் எரிந்துகொண்டிருந்தவர்கள் வாயில் இன்னும் கொஞ்சம் மிளகாய்ப்பொடி தூவியது அந்தப் புத்தகம்தான்.